எனக்குப் போர்த்த வந்த பொன்னாடை

சிங்காநல்லூரில் மில்லை ஒட்டி ஒரு தொழிற்பயிற்சிப் பள்ளி இருக்கிறதே, அதில் இரும்பு வார்க்கும் பவுண்டரியை உண்டாக்கியவன் நான். இரும்பு உருக்கும் உலை நான் கட்டியது. மில்லில் கழித்துப் போட்ட பாய்லர் தகட்டை வளைத்து, உள்ளே சூட்டுக்கல் அடுக்கி, என் கையாலேயே களிமண் பூசினேன். வார்ப்பு மண் பரப்பிய தரை நான் போட்டது. அதற்கு முன்னால் அங்கே சீமைக் கருவேல முள்ளும் மில் சாம்பலும்தான் கிடந்தன. மண் அடைக்கும் இரும்புப் பெட்டிகள், உருகிய இரும்பை ஏந்தும் கரண்டிகள், மேலே தகரக் கூரை, பையன்கள் கைகால் கழுவும் தொட்டி, எல்லாம் என் காலத்தில் வந்தவை. அங்கிருந்து போன பையன்கள் இன்றைக்குக் கணபதியிலும் பீளமேட்டிலும் சொந்தமாகப் பவுண்டரி வைத்துக் காரில் போகிறார்கள். என்னைக் கண்டால் அந்தக் கார் நிற்கும். நிற்காத கார் ஒன்றிரண்டு உண்டு. அவர்கள் என் வகுப்பில் ஒழுங்காகக் கற்காதவர்கள்.

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு வரை. தொண்டாமுத்தூருக்கு மேற்கே ஒரு தோட்டத்தில் என் அப்பன் பண்ணையத்தில் கூலி ஆளாக இருந்தார். நானும் அங்கேயே மாடு பிடித்திருக்க வேண்டியவன். பஸ் ஏறிச் சிங்காநல்லூருக்கு வந்து ஒரு பவுண்டரியில் மண் சலிக்கச் சேர்ந்தேன். சலித்தேன், மிதித்தேன், பெட்டி தூக்கினேன், மண்ணில் அச்சுப் பிடிக்கும் மோல்டர் ஆனேன், மேஸ்திரி ஆனேன். சொல்வதற்கு ஒரு வரி போதும். பாதி ஆயுசு அதில் போயிற்று. பத்தாவது தவறிய பையன்களுக்காக மில் முதலாளி அந்தப் பள்ளியைத் தொடங்கியபோது என்னை ஆள் விட்டுக் கூப்பிட்டார். அவரை நாங்கள் பெரிய முதலாளி என்போம்.

"எனக்கு எழுதவே நேரா வராதுங்க முதலாளி" என்றேன்.

"எழுதற வாத்தியாருக நெம்பப் பேரு இருக்கறாங்க மருதாசலம். இரும்பு ஊத்தற வாத்தியாரு ஒருத்தருங்கூடக் கெடைக்கலை. கரண்டி தூக்க முடியற வரைக்கும் நீங்க இங்கத்தான் இருக்கோணும்" என்றார்.

அந்த ஒரு சொல்லை நம்பித்தான் மேஸ்திரி வேலையை விட்டுவிட்டு வாத்தியார் ஆனேன்.

இப்போது அங்கே வேலை பார்க்கும் வாத்தியார்கள் சிலர் போன மாதம் வீட்டுக்கு வந்து, அனுபவத்தை எழுதிக் கொடுங்கள் என்றார்கள். மண் பதம், உலைச் சூடு பற்றி எழுதுவேன் என்று நினைத்திருப்பார்கள். அதையும் எழுதுகிறேன். ஆனால் ஐம்பத்தைந்து வயதில் என்னை மரியாதையாக வெளியே அனுப்பப் பார்த்த கதைதான் பெரியது. எழுத்தில் தப்பு இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். விஷயத்தில் தப்பு இருக்காது.

என் வகுப்பு எப்படி நடக்கும் என்று முதலில் தெரிய வேண்டும். காலையில் முதல் வேலை மண். போன வார்ப்பில் சுட்ட மண்ணைச் சலித்து, தண்ணீர் தெளித்து, காலால் மிதித்துப் பதமாக்க வேண்டும். பதம் பார்க்க ஒரு பிடி அள்ளி இறுக்கிப் பிடிப்பேன். கையைத் திறந்தால் விரல் வரி மண்ணில் தெரிய வேண்டும். உள்ளங்கையில் ஈரம் ஒட்டக் கூடாது. ஈரம் கூடிப்போனால் இரும்பு பட்டதும் ஆவி கிளம்பிச் சீறும், வார்ப்பு முழுக்க ஓட்டை விழும். அப்புறம் பெட்டி. மர அச்சைப் பலகையில் கவிழ்த்து, சுற்றிலும் பெட்டியை வைத்து, மண்ணைப் போட்டு இடிப்போம். ஓரத்தில் பலமாக, அச்சுக்கு மேலே பையவே. பெட்டியைப் புரட்டி, மேல் பெட்டியை ஏற்றி, அதையும் இடித்து, கம்பியால் காற்றுத் துளை குத்தி, கடைசியில் அச்சை அலுங்காமல் வெளியே எடுக்க வேண்டும். அச்சு எடுக்கும்போது மூச்சு விடாதே என்பேன். மூச்சைப் பிடித்தால் கை ஆடாது.

சனிக்கிழமை ஊத்து, இரும்பை உருக்கி அச்சில் ஊற்றும் நாள். உலை மூட்டி, கற்பூரம் காட்டி, உலைக்குள் ஊதும் காற்றாடியைப் போட்டால் அதன் உறுமல் மில் கேட் வரைக்கும் கேட்கும். முதல் கரண்டியை வாத்தியார்தான் பிடிக்க வேண்டும் என்பது நான் வைத்த பழக்கம். ஒரு பக்கம் நான், மறுபக்கம் ஒரு பையன். நடக்கும்போது பேச்சுக் கூடாது, அவசரம் கூடாது, நடுவில் நிற்கவும் கூடாது. நெருப்பை ஏந்தி நடக்கிற வாத்தியாரைப் பார்த்தால்தான் பையனுக்குப் பயம் தெளியும். புத்தகத்தில் அது வராது.

பெரிய முதலாளி காலமானதும் மகன் பொறுப்புக்கு வந்தார். அவர் சின்ன முதலாளி. மில்லையும் பார்த்துப் பள்ளியையும் பார்க்க அவருக்கு நேரமில்லை. அதனால் பிரின்சிபால் என்று ஒருவரைக் கொண்டுவந்து வைத்தார். இது தொண்ணூறுகளின் நடுவில்.

பிரின்சிபால் அரசாங்கப் பாலிடெக்னிக்கில் வேலை பார்த்து, ஐம்பத்தெட்டில் ஓய்வு வாங்கி, சில வருஷம் வீட்டில் இருந்து அலுத்துப்போய் வந்தவர். அறுபத்து மூன்று வயது. அதை அவர் மறைக்கவில்லை. "அறுபத்தி மூணு வயசுலயும் தெனம் காலையில நடந்துபோட்டு வாரேனுங்க" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்வார். சலவை மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. கை இரண்டும் முதுகுக்குப் பின்னால் இருக்கும். பவுண்டரி வாசலுக்கு வந்ததும் ஒரு கை மட்டும் முன்னால் வந்து மூக்கில் கைக்குட்டையை வைக்கும். குரலை உயர்த்தி ஒரு நாளும் பேசியதில்லை. எதைச் சொல்வதற்கு முன்னாலும் "சாப்டீங்களாங்க?" என்று கேட்பார். கேட்டார் என்றால் எனக்கு ஏதோ ஒன்று போகப் போகிறது என்று அர்த்தம். அது எனக்குப் பிறகுதான் புரிந்தது.

முதல் தடவை கேட்டபோது வெள்ளந்தியாகவே பதில் சொன்னேன்.

"ஆச்சுங்க. நீங்க சாப்டாச்சுங்களா?"

"ஆச்சுங்க. ஏனுங்க மருதாசலம், நீங்க பெரியவிங்க. இந்த அனல்ல நின்னு எதுக்குங்க கஷ்டப்படறீங்க? ஒரு சேர் போடச் சொல்லியிருக்கறனுங்க. நீங்க உக்காந்து சொல்லுங்க. செந்தில் தம்பி செஞ்சு காட்டட்டும்."

செந்தில் என்பவன் டிப்ளமா முடித்துவிட்டு அந்த வருஷம்தான் எனக்கு உதவியாகச் சேர்ந்த பையன். நாற்காலி வந்தது. கை வைத்த நாற்காலி. என் அப்பன் பண்ணைக்காரர் வீட்டு வாசலில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. ஆயுசுக்கும் நின்றபடியே பேசினவர். அவர் மகனுக்குப் படித்த மனுஷர் ஒருவர் நாற்காலி போடச் சொல்கிறார். நான் உட்கார்ந்தேன். ஒரு வாரம் சந்தோஷமாகவே உட்கார்ந்திருந்தேன்.

அடுத்த வாரம் நாற்காலி கூரைக்கு அடியிலிருந்து வாசலுக்கு வந்திருந்தது. புகை உங்களுக்கு ஆகாது என்றார். அதற்கடுத்து வாசலிலிருந்து வேப்ப மரத்தடிக்குப் போயிற்று. அங்கேதான் காற்று நன்றாக வருமாம். ஒவ்வொரு தடவையும் முதலில் சாப்பாடு விசாரிப்பு. பையன்களே பேச ஆரம்பித்துவிட்டார்கள். "ஐயா, நாளைக்கு உங்க சேர் எங்கீங்க இருக்கும்? சொல்லிட்டீங்கன்னா சந்தேகம் கேக்க அங்கயே வந்தர்றமுங்க" என்றான் ஒருத்தன்.

வீட்டில் சொன்னேன். என் வீட்டுக்காரி ருக்மணி மில்லில் நூல் சுற்றும் பிரிவில் இருந்தவள். மெஷின் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய வாய்.

"அது போற போக்கப் பாத்தா அடுத்த வாரம் நம்ம ஊட்டுக்கே வந்து சேந்துருமாட்டம் இருக்குதுங்க. வந்தா நல்லதுதான். நம்மூட்டு சேருக்குக் காலு சரியில்லை" என்றாள்.

நான் போய்ப் பிரின்சிபாலிடமே கேட்டேன், என் வகுப்பு என்ன ஆயிற்று என்று. அவர் மேஜைக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"சொல்லோணும்னுதானுங்க இருந்தேன். ஓய்வு வயசு அம்பத்தஞ்சுன்னு வெச்சரலாம்னு ஒரு யோசனைங்க. வார்ப்பு வேலை பாருங்க, ஆபத்தான வேலை. உங்க நல்லதுக்குத்தானுங்க."

"யாருக்கெல்லாமுங்க அம்பத்தஞ்சு?"

"எல்லார்த்துக்கும்தானுங்க."

மற்ற வாத்தியார்களில் ஒருவருக்கும் ஐம்பது ஆகவில்லை. எனக்கு அந்த ஐப்பசி வந்தால் ஐம்பத்தைந்து. எல்லாருக்கும் என்று சொல்லி எனக்கு மட்டும் அளவெடுத்துத் தைத்த சட்டை அது. அரசாங்கத்திலேயே ஐம்பத்தெட்டு இருக்கும்போது இங்கே என்ன ஐம்பத்தைந்து?

"உங்களுக்குங்களா?" என்று கேட்டேன்.

அவர் கோபப்படவில்லை. சிரித்தார். "நான் வருசா வருசம் புதுசாச் சேர்ற ஆளுங்க. எனக்கு இது பொருந்தாதுங்க."

எனக்கு உடம்பில் ஒரு குறையும் இல்லை. கை நடுக்கம் இல்லை, கண் மங்கவில்லை. நெருப்பு என்னை ஒரு நாளும் தொட்டதில்லை. முடியவில்லை என்றால் நானே சொல்லிவிட்டுப் போய்விடுவேன். முடிகிறவனை முடியாது என்று எப்படி இன்னொருவர் முடிவு கட்டலாம்? இதைத்தான் பெரிய முதலாளி வீட்டம்மாவிடம் போய்க் கேட்டேன். அவரைப் பெரியம்மா என்போம். பள்ளிக் கமிட்டியில் அவருக்கும் ஒரு நாற்காலி உண்டு. அது நகராத நாற்காலி. அவர் ரேழியில் உட்கார்ந்து பூ கட்டிக்கொண்டிருந்தார்.

"கரண்டி தூக்க முடியற வரைக்கும்னு முதலாளி சொன்னாங்க அம்மா" என்றேன்.

"சொன்னாருங்க. நானுந்தான் கேட்டுட்டு இருந்தேன்" என்றார். "ஆனா இப்பப் பாக்கறது பையனல்லோ? நான் ஒரு வார்த்தை சொல்றேன். நீங்க காப்பி குடிங்க."

அவர் சொல்லியிருக்கிறார். சொன்னதன் பலன் திங்கட்கிழமையே கிடைத்தது.

"சாப்டீங்களாங்க?" என்றார் பிரின்சிபால். அன்றைக்கு முதல் தடவையாக முகத்தில் சிரிப்பில்லை. "பெரியூட்டுக்குப் போயிருந்தீங்களாமா? எங்கிட்டச் சொல்லியிருந்தா ஜீப்புலயே அனுப்பியிருப்பனுங்களே. செரி, இன்னீலிருந்து பவுண்டரிக்கு நீங்க போக வேண்டாமுங்க. விடுதிக்குப் பின்னால தோட்டம் ஒண்ணு போடலாம்னு இருக்கறம். நீங்க பாத்துக்குங்க. தோட்டத்துல பொறந்து வளந்தவிங்க நீங்க, கைராசி இருக்கும்."

அதை அவர் எந்த அர்த்தத்தில் சொன்னார் என்று எனக்கும் தெரியும், அங்கே நின்றிருந்த செந்திலுக்கும் தெரியும். செந்தில் தரையைப் பார்த்தான். நான் எங்கிருந்து கிளம்பி வந்தேனோ அந்த இடத்துக்கே என்னைத் திருப்பி அனுப்புகிறார், ஒரு ஏச்சுக்கூட இல்லாமல்.

அதோடு விடவில்லை. பவுண்டரிப் பையன்கள் தோட்டத்துப் பக்கம் போகக் கூடாது என்று சொல்லிவிட்டார். என்னோடு பதினோரு மணிக்கு டீ குடிக்கிற வாத்தியார்கள் ஒவ்வொருவராக டீயை விட்டார்கள். ஒருவருக்கு வயிற்று வலி, ஒருவருக்கு விரதம். நான் அவர்களைக் குறை சொல்லவில்லை, பிள்ளைகுட்டிக்காரர்கள். சனிக்கிழமை உலைக் காற்றாடி உறுமும்போது நான் கத்தரிக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருப்பேன். முதல் கரண்டி எடுக்கும் நேரத்தில் உறுமல் ஒரு கணம் தணியும். அப்போது என் இரண்டு கையும் தானாக மண்வெட்டிப் பிடியை இறுக்கும். அது ஒன்றுதான் கஷ்டமாக இருந்தது. மற்றபடி தோட்டத்தையும் நான் சும்மா விடவில்லை. அந்த வருஷம் விடுதிக் குழம்பில் மிதந்த கத்தரிக்காய் என்னுடையது. அந்த ருசி அதற்கு முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை. சமையல்காரரையே கேட்டுப் பாருங்கள்.

ஆயுத பூஜை நெருங்கியது. ஒரு நாள் வேலை முடிந்து வீட்டுக்கு வந்தால் காரமடைச் சம்பந்தி உட்கார்ந்திருக்கிறார். பெரிய பெண்ணைக் கட்டிக் கொடுத்து அப்போது ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அவர் முறை தவறாத ஆள். கல்யாணத்தின்போது அவருடைய மூத்த பங்காளி வந்த பஸ் வழியில் நின்றுபோக, அவர் வந்து சேர்கிற வரைக்கும் யாரையும் மாலையைத் தொட விடவில்லை. பந்தியில் சோறு ஆறிப்போயிற்று. "வயசுல மூத்தவிங்களுக்கு மொதல்ல. பொறவுதான் மத்ததெல்லாம்" என்று ஒரே பிடி.

"ஏனுங்க சம்பந்தி, இவ்வளவு பெரிய விசயம், நீங்க ஒரு வார்த்தை சொல்லலீங்களே" என்றார். "ஜீப்புல வந்து, வெத்தலை பாக்குப் பழத்தட்டு வெச்சு அழைச்சுப்போட்டுப் போறாங்க. ஆயுத பூசையன்னிக்கு உங்களுக்குப் பாராட்டு விழாவாமா. ஓய்வு வாங்கறீங்களாமா."

எனக்கு யாரும் சொல்லவில்லை. என் விழாவுக்கு என் சம்பந்தியை அழைத்துவிட்டு என்னை அழைக்காமல் விட்டிருக்கிறார்கள்.

திட்டம் எனக்கு அங்கேயே விளங்கிவிட்டது. மேடையில் ஏற்றிப் பொன்னாடை போர்த்துவார்கள். நான் தோளில் வாங்கி, கும்பிட்டு, போட்டோவுக்கு நின்றுவிட்டால் தீர்ந்தது. அவனாகவே ஓய்வு வாங்கிக்கொண்டான் என்று ஆகிவிடும். மறுநாள் வேலைக்குப் போனால் ஊர் சிரிக்கும். வாங்க மாட்டேன் என்று மேடையில் தட்டிவிட்டால் சம்பந்தி முன்னால் மானம் போகும். சபையில் பொன்னாடையைத் தட்டிவிட்டவன் மகள் என்று அந்த வீட்டில் என் பெண் பேச்சு வாங்க வேண்டும். அதற்காகத்தான் ஜீப்பில் காரமடை வரைக்கும் போனது.

சம்பந்தி போன பிறகு ருக்மணி சொன்னாள். "வேலை போனாப் போகுதுங்க, என்ற பென்சன் கொஞ்சம் வருது. ஆனா அங்க வந்து மூஞ்சியத் தூக்கி வெச்சுக்காதீங்க. புள்ளை அந்த ஊட்டுல பொழைக்கோணும்."

"மூஞ்சியத் தூக்க மாட்டேன். வேலையையும் விட மாட்டேன்" என்றேன்.

"அப்ப என்னதான் பண்ணுவீங்க?"

எனக்குத் தெரியவில்லை. விழா நாள் காலையிலும் தெரியவில்லை. வெள்ளை வேட்டி சட்டை போட்டுக்கொண்டு போனேன்.

பள்ளி முழுக்கக் கழுவிவிட்டு, மெஷின்களுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, பொரி கடலை வாசனையாக இருந்தது. மேடையில் சின்ன முதலாளி, பிரின்சிபால், நான். முன் வரிசையில் பெரியம்மா, பக்கத்தில் ருக்மணி. அந்தப் பக்கம் சம்பந்தி துண்டை மடித்துத் தோளில் போட்டு நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறார். பின்னால் பையன்கள்.

பிரின்சிபால் பேசினார். நன்றாகவே பேசினார். என் உழைப்பு, என் ஒழுக்கம், பெரிய முதலாளி என்னைக் கண்டெடுத்தது எல்லாம் சொன்னார். கேட்கக் கேட்க எனக்கே என் மேல் மதிப்பு வந்தது. கடைசியில், "மருதாசலம் ஐயா இனிப் பேரம்பேத்திகளைக் கொஞ்சீட்டு நிம்மதியா இருக்கட்டும். அவிங்க வயசுக்கு மரியாதை செய்யற விதமா நம்ம முதலாளி பொன்னாடை போத்தறாங்க" என்றார்.

"பேரன் இன்னும் பொறக்கலீங்க" என்று சம்பந்தி கீழே இருந்து திருத்தினார். சிரிப்பு எழுந்தது.

வயதுக்கு மரியாதை என்று அவர் சொன்ன அந்த வார்த்தையில்தான் எனக்கு வழி கிடைத்தது.

சின்ன முதலாளி பொன்னாடையைப் பிரித்துக்கொண்டு வந்தார். தோளுக்கு வருவதற்கு முன்னால் நான் இரண்டு கையையும் நீட்டி வாங்கிக்கொண்டேன். கண்ணில் ஒற்றிக்கொண்டேன். தட்டிவிடவில்லை, பாருங்கள். மைக் முன்னால் போனேன்.

"எல்லாருக்கும் வணக்கமுங்க. முதலாளி கையால வாங்கினது என்ற பாக்கியமுங்க. ஆனா ஒண்ணுங்க. வயசுக்கு மரியாதைன்னு ஐயா சொன்னாங்க. எங்க பக்கம் கோயல்ல மொத மரியாதை சபையில மூத்தவிங்களுக்குத்தானுங்க. இந்த மேடையில மூத்தவிங்க நான் இல்லீங்க. நம்ம பிரின்சிபால் ஐயாவுக்கு அறுபத்தி மூணு. எனக்கு அம்பத்தஞ்சே இன்னும் முடியலீங்க. அவிங்க இருக்க நான் போத்திக்கிட்டா, பொறவு என்ற சம்பந்தி என்னை மதிப்பாங்களா?"

சம்பந்தி எழுந்தே நின்றுவிட்டார்.

"அது முறைதானுங்க. மூத்தவிங்களுக்குத்தான் மொதல்ல" என்றார் கணீர் என்று.

என்னைக் கட்டிப்போடக் கொண்டுவந்த கயிறு என் பக்கம் சாட்சி சொல்லிவிட்டது. நான் திரும்பிப் பிரின்சிபால் தோளில் பொன்னாடையைப் போர்த்தினேன். நன்றாக இழுத்து, சரிகை தெரிகிற மாதிரி. அவருக்கு வழி இல்லை. மேடையில் பொன்னாடை விழுந்தால் கை தானாகக் கும்பிடும். அவர் கையும் கும்பிட்டது. "நன்றிங்க" என்றுகூடச் சொல்லிவிட்டார். போட்டோக்காரன் தன் வேலையைப் பார்த்தான்.

"ஐயா எப்ப ஓய்வுக்குப் போறாங்களோ அதுக்கு அடுத்தாப்பல நான் போறனுங்க. வரிசை தப்ப மாட்டனுங்க" என்று சொல்லி உட்கார்ந்தேன்.

பையன்கள் விசில் அடித்தார்கள். டீயை விட்ட வாத்தியார்கள் எல்லாரையும்விடப் பலமாகக் கை தட்டினார்கள். பெரியம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். சிரிப்பு அடங்கியதும் மகனைப் பார்த்து, மைக் இல்லாமலேயே முன் வரிசை முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னார். "ஏங்கண்ணு, அம்பத்தஞ்சுன்னா எல்லார்த்துக்கும் அம்பத்தஞ்சுன்னு வெய்யி. அறுபத்திமூணு வேல செய்யலாம்னா அதையும் எல்லார்த்துக்கும் வெய்யி. ஆளுக்கொண்ணு வெச்சா உங்கப்பா பேருக்கு நல்லா இருக்காது."

சின்ன முதலாளி முகம் சிவந்தது. ஆனால் அவர் பெரிய முதலாளி மகன். பூஜை பிரசாதம் வாங்கப் போன இடத்தில் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"நீங்க பண்ணினது எனக்குச் சங்கடமாப் போச்சுங்க" என்றார்.

"எனக்கு மூணு மாசமாச் சங்கடமுங்க, முதலாளி. உங்களுக்கு இன்னிக்கு ஒரு நாள்தானுங்க" என்றேன்.

அவர் ஒரு பிடி பொரியை வாயில் போட்டுக்கொண்டார். "உங்களுக்கு மட்டும் அம்பத்தெட்டு வரைக்கும் இருங்கன்னு சொல்லிடறேன்" என்றார்.

எனக்கு மட்டும் என்றதும் வாங்கிக்கொண்டு வந்திருக்கலாம். ருக்மணிகூட அப்புறம் அதைத்தான் கேட்டாள். ஆனால் எனக்கு மட்டும் என்றால் அது சலுகை. நாளைக்கு இன்னொரு பிரின்சிபால் வந்து சாப்பிட்டீர்களா என்று கேட்டால் போய்விடும். "எல்லா வாத்தியாருகளுக்கும் வெச்சிருங்க முதலாளி. என்ற பேருக்குத் தனியா எதும் வேண்டாமுங்க" என்றேன். அவர் என்னைப் பார்த்தார். பிறகு சரி என்றார். பெரியம்மா அந்தப் பக்கமாக வந்து எனக்கு இன்னொரு பொட்டலம் பொரி கொடுத்துவிட்டுப் போனார்.

விடுமுறை முடிந்து பள்ளி திறந்த அன்றைக்குப் பிரின்சிபால் தோட்டத்துக்கே வந்தார். சாப்பாடு விசாரிக்கவில்லை. "உங்க கிளாஸ் உங்களுக்குத்தானுங்க" என்றார். அவ்வளவுதான். அந்தக் கல்வியாண்டு முடிந்ததும் மகளோடு இருக்கப் போகிறேன் என்று சொல்லி அவர் போய்விட்டார். வழியனுப்பு விழாவில் அவருக்கு இன்னொரு பொன்னாடை கிடைத்தது. அதை நான் போர்த்தவில்லை, கை தட்டினேன்.

முதல் வருஷப் பையன்கள் எனக்கு, இரண்டாம் வருஷம் செந்திலுக்கு என்று பிரித்துக்கொண்டோம். செந்தில் நல்ல பையன். பையன்களுக்குத் தோல் பூட்ஸ் வேண்டும் என்று கேட்டு வாங்கினது அவன். அதை நான் எனக்குச் சேர்த்துக்கொள்ள மாட்டேன். நான் திரும்பிப் போன முதல் சனிக்கிழமை, உலையைத் திறக்கும் நேரத்தில் அவன் ஒதுங்கி நின்று, "நீங்க புடிங்க ஐயா" என்றான். புது பூட்ஸ் காலைக் கடிக்க, கரண்டியை ஏந்தி நடந்தேன். பேச்சில்லை, அவசரமில்லை, நடுவில் நிற்கவில்லை. அன்றைக்கு ஊற்றியது பம்பு செட்டுக்கான உறைகள். ஒன்றில்கூட ஓட்டை விழவில்லை. இப்படி மூன்று வருஷம். ஐம்பத்தெட்டு முடிந்த அன்றைக்கு நானாகக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு வெளியே வந்தேன். இப்போதும் தினம் குளத்தைச் சுற்றி நடக்கிறேன், வேளைக்குச் சாப்பிடுகிறேன், எனக்கு ஒரு குறையும் இல்லை.

ஒன்றைத் தவிர. சமீபத்தில் அங்கே லேத் வாத்தியார் ஒருவர் ஐம்பத்தெட்டில் ஓய்வு பெற்றார். விழாவுக்கு என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். பேசினவர், "ஐம்பத்தைந்து என்று இருந்த ஓய்வு வயதை நம் நிர்வாகம் பெருந்தன்மையோடு ஐம்பத்தெட்டு ஆக்கியது" என்றார். எல்லாரும் கை தட்டினார்கள். ஓய்வு பெற்றவரும் தட்டினார். அந்த மூன்று வருஷச் சம்பளத்தில்தான் அவர் மகள் கல்யாணம் நடந்தது. அவர் எனக்குப் பின்னால் அங்கே சேர்ந்தவர், யார் வாங்கிக் கொடுத்தது என்று அவருக்குத் தெரியாது.

பெருந்தன்மை இல்லை, வாத்தியார்களே. ஆயுத பூஜை மேடையில், சம்பந்தியை முன்னால் உட்கார வைத்துக்கொண்டு ஜெயித்து, கீழே இறங்கி எனக்கு மட்டும் வேண்டாம் என்று சொல்லி வாங்கியது அது. நிர்வாகத்துக்கு நன்றி சொல்லுங்கள், நான் தடுக்கவில்லை. சின்ன முதலாளி சரி என்று சொன்னவர்தான். ஆனால் இனிமேல் அங்கே ஒவ்வொருவர் ஐம்பத்தெட்டு முடித்து மேடை ஏறும்போதும், இந்த மூன்று வருஷம் பவுண்டரி வாத்தியார் மருதாசலம் வாங்கிக் கொடுத்தது என்று மைக்கில் சொல்ல வேண்டும். பெயரை முழுசாகச் சொல்ல வேண்டும். நான் முன் வரிசையில் உட்கார்ந்திருப்பேன். எனக்குக் காது நன்றாகக் கேட்கிறது.